ஒற்றைக்கோட்டு சிக்னலில் திறந்த பக்கம்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ராட்டினங்கிணறு வரைக்கும் நடந்தால், ருக்ஸாரைப் பார்த்துத் தலையாட்டாத கடைக்காரர்கள் குறைவு. மூக்குக் கண்ணாடிக் கடை, வாடகைப் பாத்திரக் கடை, மாடியில் இருக்கும் பல் டாக்டர், சாயங்காலம் ஆட்டுக்கால் சூப் விற்கும் தள்ளுவண்டி என்று அந்தச் சாலையில் பாதிப் பேருக்கு அவள்தான் வெப்சைட் கட்டித் தந்திருக்கிறாள். வெப்சைட் வேண்டாம், கூகுள் மேப்பில் கடை பேர் வந்தால் போதும் என்கிறவர்களுக்கு அதையும் செய்து கொடுப்பாள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முன்னால் விளம்பரம் ஓட்டித் தருவாள். முப்பத்து நாலு வயது. தோளில் ஒரு லேப்டாப் பை, கையில் ஒரு குடை. வெயிலோ மழையோ அந்தக் குடை விரிந்தே இருக்கும்.

அவளுடைய அத்தா சௌகத் அலிக்கு மதுராந்தகத்தில் கயிறு, தார்ப்பாய் வியாபாரம். ஒரே மகளைப் படூரில் ஹாஸ்டலில் விட்டுக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற வங்கிகளின் பக்கங்களில் பொத்தான்கள் ஒழுங்காக அமுங்குகின்றனவா என்று நாள் முழுக்க அமுக்கிப் பார்க்கிற வேலை. யார் அந்தப் பொத்தானை அமுக்கப் போகிறார்கள், எதற்காக அமுக்குவார்கள் என்று ஒன்றும் தெரியாது. மகள் ஜன்னா பிறந்தபோது அந்த வேலையை விட்டாள். விட்டதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

கணவன் அஃப்தாபுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் சின்னக் கடை. குழந்தை தூங்குகிற நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு நாள் அந்தக் கடையை மேப்பில் ஏற்றிவைத்தாள். ஷட்டர், போர்டு, உள்ளே தொங்குகிற கவர்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் அஃப்தாப் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ருக்கு, இன்னிக்கு நெல்லூர்லேருந்து லாரி ஓட்டிகினு வந்த ஒருத்தன் நேரா நம்ம கடையாண்ட வந்து நிக்கிறான். எப்டிப்பா வந்தேன்னா, மேப்பு இட்டாந்து வுட்டுச்சுன்றான். எத்தினி வருசமா அங்க குந்திகினு கீறேன்? பின்னாடி தெருவுல கீறவனுக்கே நம்ம கடை தெரியாது!"

அவன் சிரித்தான். ருக்ஸாருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதன், தெரியாத ஊரில், தன் விரல் வைத்த ஒரு புள்ளியை நம்பி அத்தனை பெரிய லாரியைத் திருப்பியிருக்கிறான். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சிலிர்த்ததில்லை. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று படித்தவள்தான் அவள். டவர், கேபிள், எங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வியப்பு அடங்கவில்லை. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

கடற்கரை ஊரான கடப்பாக்கத்தில் வேலை வந்தது மோகன் மூலமாக. அங்கே ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிற வழியில் மோகனுக்கு டீக்கடை. இடிந்த கோட்டையைப் பார்க்கவும் படம் எடுக்கவும் சென்னையிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கடையைக் கவனிக்காமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ருக்ஸார் அதை மேப்பில் ஏற்றி, 'கோட்டைக்குப் போகும் முன் கடைசி டீ' என்று ஒரு வரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிற்கத் தொடங்கின. அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் சாலமோன். படகு எஞ்சின் மெக்கானிக். ஃபைபர் படகுகளின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களைப் பழுது பார்க்க ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்.

"தங்கச்சி, மோகனுக்குச் செஞ்சா மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சி குடு. ஆனா டீக்கட மாதிரி வேணாம். பெருசா இருக்கணும்" என்றார். தன் போனில் ஒரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டைக் காட்டினார். "இத பாரு. தொறந்த ஒடனே வெளக்கு எரியுது, பூ வுழுது, நாதஸ்வரம் கேக்குது. இதே மாதிரி நம்மளுதுல எஞ்சின் சுத்தணும், அலை அடிக்கணும். இன்னா?"

கேட்டபடியே செய்தாள். அலை அடித்தது, எஞ்சின் சுற்றியது, பின்னால் ஒரு பாட்டும் ஓடியது. செங்கல்பட்டு வீட்டில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மதுராந்தகம், சூணாம்பேடு வழியாகப் பஸ் மாறிக் கடப்பாக்கத்துக்குப் போனாள். கொட்டகையில் நின்று சாலமோனின் போனிலேயே திறந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கொட்டகைக்கு வெளியே வந்தார்கள். வட்டம் சுற்றியது. மணலில் இறங்கிப் படகுகள் ஏற்றியிருக்கும் இடம் வரை நடந்தார்கள்.

"இன்னாம்மா, இது சுத்திகினே கீது?"

"இங்க சிக்னல் ஒரு கோடுதாண்ணா கீது. பக்கம் கனமா இருக்கு. எறங்க மாட்டேங்குது."

"வூட்டுக்குப் போயி வைஃபைல பாத்துக்குவாங்க, வுடு."

"வூட்ல குந்திகினு கீறவனுக்கு மெக்கானிக் எதுக்குண்ணா? எஞ்சின் எங்க நின்னு போவும்?"

சாலமோன் கடலைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும். ஆனாலும் அந்த அலையும் பாட்டும் போவதில் அவருக்கு மனசே இல்லை. "மண்டபத்துக்காரனுக்கு மட்டும் அவ்ளோ அழகா கீது" என்று முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ருக்ஸார் ஊருக்குத் திரும்பி, கட்டியதை எல்லாம் பிரித்தாள். அலையை எடுத்தாள். பாட்டை எடுத்தாள். விதவிதமான எழுத்துருக்களை எடுத்துவிட்டு, போனிலேயே இருக்கும் சாதாரண எழுத்தை வைத்தாள். சாலமோனின் படத்தை மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி ஒரு ஓரத்தில் விட்டாள். கடைசியில் மிஞ்சியது வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு போன் நம்பர், வாட்ஸப்புக்கு ஒரு பச்சைப் பொத்தான். மறுபடியும் கடப்பாக்கத்துக்குப் போய் அதே மணலில் நின்று திறந்தாள். கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது.

"பரீட்சை பேப்பர் மாதிரி கீது" என்றார் சாலமோன்.

"சரி, பரீட்சை பேப்பர்தான். கேள்வி நான் கேக்கறேன், பதில் நீங்க சொல்லுங்க. உங்களுக்குப் போன் பண்றவங்க அதிகமா இன்னா கேக்கறாங்க?"

"வேற இன்னா கேப்பான்? எஞ்சின் ஸ்டார்ட் ஆவல, இன்னா பண்றதுன்னு கேப்பான்."

"அதுக்கு நீங்க இன்னா சொல்லுவீங்க?"

அவர் சொல்லத் தொடங்கினார். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை இரண்டாவதாகப் பார்க்க வேண்டும், எப்போது கயிற்றை இழுக்கக்கூடாது, பிளக்கை எப்படிக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். ருக்ஸார் எழுதிக்கொண்டாள். டீ கொண்டுவந்த மோகன் அதைக் கேட்டுவிட்டு நின்றான்.

"அண்ணாத்த, எல்லாத்தையும் இதுல போட்டுட்டா அப்பறம் எவன் உன்னாண்ட வருவான்?"

"கடல்ல நின்னு போனவன் மொதல்ல கரைக்கு வரட்டும்டா. வந்தாதான என்னாண்ட வருவான்?" என்றார் சாலமோன். "நீ எழுதிக்கோம்மா."

அந்தப் பக்கத்துக்கு 'கடலில் எஞ்சின் நின்றுவிட்டால்' என்று தலைப்பு வைத்தாள். பக்கத்தின் கீழே, மக்கள் எப்படியெல்லாம் தட்டச்சு செய்து தேடுவார்களோ அத்தனை விதத்தையும் கலந்து எழுதினாள். இன்ஜின், எஞ்சின், மிஷின், மோட்டார், ஸ்டார்ட் ஆவல, ஸ்டார்ட் ஆகவில்லை. எப்போதும் கிரீஸ் ஒட்டிய கையோடு திரிகிற சாலமோனுக்கு வாட்ஸப்பில் பதில் எழுத வராது என்பதால், அந்தக் கணக்கைத் தன் லேப்டாப்பிலும் இணைத்துக்கொண்டாள். கடை எப்போது திறக்கும், எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள்.

கூகுள் தேடலில் பக்கம் மெல்ல மெல்ல மேலே வந்தது. பழவேற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டார், காரைக்காலிலிருந்து ஒருவர் கேட்டார். காலையில் டீ குடிக்கும்போது, முந்தின நாள் எந்த வார்த்தைகளைத் தேடி ஆட்கள் இந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. பெரும்பாலும் ஸ்டார்ட் ஆவல என்பதுதான். சில நேரம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். 'நடுக்கடல் எஞ்சின் நின்னுச்சு' என்று ஒருவர். 'கரை தெரியல' என்று இன்னொருவர். தேடியவரின் பேரோ ஊரோ அதில் இருக்காது. அவருக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த வீட்டின் சமையலறை மேடையில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், எத்தனை பேர் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றும்.

ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. ஜன்னா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். ருக்ஸார் அடுப்பில் சோற்றை ஏற்றிவிட்டு, மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றின் விளம்பரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். சாலமோனின் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது.

'வணக்கம் அண்ணை. எஞ்சின் நிண்டுட்டுது. உங்கட பக்கத்தில போட்டிருக்கிற மாதிரி எல்லாம் செய்தம். எடுக்குதில்லை. காத்து எங்களை வெளியால இழுக்குது.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். அந்தத் தமிழ் அவளுக்குப் பழக்கமில்லாத தமிழாக இருந்தது. 'எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்டாள். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இருப்பிடக் குறி வந்தது.

அமுக்கினாள். மேப் திறந்தது. திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

எத்தனையோ புள்ளிகள் வைத்தவள் அவள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு தெரு இருக்கும், பக்கத்தில் ஒரு பள்ளிவாசலோ பெட்ரோல் பங்கோ இருக்கும். இந்தப் புள்ளியைச் சுற்றி எதுவுமே இல்லை. படத்தைச் சுருக்கினாள். நீலம். இன்னும் சுருக்கினாள். மறுபடியும் நீலம். மேப் வேலை செய்யவில்லையோ என்றுகூட நினைத்தாள். மறுபடியும் சுருக்கியபோது, கீழே ஒரு ஓரத்தில் பச்சையாக ஒரு கரை எட்டிப் பார்த்தது. முல்லைத்தீவு என்று எழுதியிருந்தது. இன்னும் சுருக்கிய பிறகுதான் மேலே தமிழ்நாட்டுக் கரை வந்தது. நடுவில் அத்தனை கடல். அதில் அந்தச் சிவப்புப் புள்ளி அப்படியே நின்றது.

'யா அல்லாஹ்' என்றாள் மெதுவாக.

சாலமோனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கொட்டகையில் எஞ்சின் ஓடினால் அவருக்குப் போன் கேட்காது. உடனே மோகனைக் கூப்பிட்டாள்.

"மோகண்ணா, ஓடிப்போயி சாலமோன் அண்ணாவ இட்டாங்க. கடல்ல ஒரு போட்டு நின்னு போச்சி!"

"யாரு போட்டு? நம்ம ஊர்துதா?"

"நம்மளுது இல்ல. சிலோன் போட்டு."

"சிலோனா?" என்றான் மோகன். அதற்குப் பிறகு அவன் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

சாலமோன் மூச்சிரைக்கப் போனை வாங்கினார். ருக்ஸார் செய்தியைப் படித்துக் காட்டினாள்.

"காத்து வெளிய ஆழத்துக்கு இழுக்குதுன்றானா? அப்ப சிக்னலு ரொம்ப நேரம் இருக்காதும்மா. நான் சொல்றத சின்னதா எழுது. பெட்ரோல் கொழாய் நடுவுல ரப்பர் பந்து ஒண்ணு இருக்கும், அமுக்கறது. அத அமுக்கிப் பாக்கச் சொல்லு. கல்லு மாதிரி ஆவுதா, தொளதொளன்னு கீதான்னு கேளு."

அவள் தட்டினாள். 'பெட்ரோல் குழாய் நடுவில் உள்ள ரப்பர் பந்தை அமுக்குங்கள். தொளதொள என்றே இருக்கிறதா?' அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காகக் காத்திருந்தாள். அந்தச் சாம்பல் நிற டிக்கை இதற்கு முன்னால் ஆயிரம் முறை பார்த்திருப்பாள். அது இப்படி இழுத்துப் பிடித்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது விழுந்தது. இரண்டும் நீலமாயின. பதில் வந்தது.

'ஓம்.'

"ஓம்னு வந்திருக்குண்ணா."

"ஓமா? சாமி பேரச் சொல்றானா? அவ்ளோ பயந்துட்டானா பையன்?"

ருக்ஸார் அந்தச் சொல்லை மறுபடியும் படித்தாள். பிறகுதான் மாமல்லபுரத்து லாட்ஜில் ஒரு முறை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஞாபகத்துக்கு வந்தது. எதைக் கேட்டாலும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

"இல்லண்ணா. ஆமான்றாங்க. அவங்க ஊர்ல அப்டித்தான் சொல்லுவாங்க."

"அப்ப தொளதொளன்னுதான் கீதா? சரி, சரி. பிளக்கு எல்லாம் நல்லாத்தான் கீது. கொழாய்ல எங்கியோ காத்து உள்ள போவுது. டேங்க்ல மாட்டற முனை வெடிச்சிருக்கும். அந்த முனைய ரெண்டு விரக்கட வெட்டிப் போடச் சொல்லு. நல்ல எடமாப் பாத்து திரும்ப மாட்டி, தூண்டி நரம்பால இறுக்கிச் சுத்தச் சொல்லு. பந்து கல்லு மாதிரி ஆவுற வரைக்கும் அமுக்கணும். அப்பறம்தான் கயிறு இழுக்கணும். முன்னாடி இழுத்து கைய ஓய்ச்சுக்க வேணாம்னு சொல்லு."

ருக்ஸார் அதைச் சுருக்கினாள். ஆடுகிற படகில், ஈரக் கையில், வெயில் அடிக்கிற திரையில் படிக்கப் போகிறான். அவன் கண்ணால் படித்து, தேவையில்லாத சொல் ஒவ்வொன்றையும் எடுத்தாள். 'டேங்கில் மாட்டும் குழாய் முனையை இரண்டு விரல் அகலம் வெட்டுங்கள். திரும்ப மாட்டுங்கள். தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டுங்கள். பந்து கல் போல ஆகும்வரை அமுக்குங்கள். பிறகு இழுங்கள்.' அனுப்பினாள். ஒரு டிக். இரண்டு. நீலம்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

'ஆயிற்றா?' என்று கேட்டாள். ஒற்றை டிக். அது இரண்டாகவே இல்லை.

அடுப்பில் சோறு குழைந்துபோயிருந்தது. ஜும்மா முடிந்து சாப்பிட வந்த அஃப்தாபிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் மேப்பைப் பார்த்தான். அவளைப் போலவே சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். பிறகு கடைக்குப் போன் போட்டு, வேலையாளிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடப்பாக்கத்திலிருந்து சாலமோன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்துச்சாம்மா?"

"இல்லண்ணா. ஒத்த டிக்குதான்."

"நான் சொன்னது சரியாத்தான இருக்கும்? வேற எதாச்சும் இருந்திருக்குமோ? நீ ஃபோட்டோ ஒண்ணு கேட்டிருக்கலாம்."

"ஃபோட்டோ கனம்ணா. போவாது."

"ஆமா... போவாதுல்ல."

பின்னால் மோகனின் குரல் கேட்டது. கொட்டகையைச் சாத்திவிட்டு மணலில் வந்து உட்கார்ந்திருக்கிறார், டீயைக்கூடத் தொடவில்லை என்று சொன்னான். அங்கே உட்கார்ந்து எந்தக் கடலைப் பார்க்கிறார், அந்தப் படகு இங்கிருந்து தெரியவா போகிறது என்று ருக்ஸார் நினைத்தாள். அவளும்தான் லேப்டாப்பை மூடவில்லை. தொழுகை விரிப்பை அதற்குப் பக்கத்திலேயே விரித்துத் தொழுதாள். பேர் தெரியாதவர்களுக்காகத் துவா கேட்டாள். எப்படிச் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல், அந்தப் புள்ளியில் இருக்கிறவர்களைக் கரை சேர்த்துவிடு என்று கேட்டாள்.

ஜன்னா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். சாப்பிட்டாள். வெயில் சாய்ந்தது. அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், திரையில் ஒற்றை டிக் இரண்டாயிற்று. அப்புறம் நீலமாயிற்று. அஃப்தாப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அவளுக்கு அதை அமுக்கத் துணிவு வரவில்லை. அஃப்தாப்தான் அமுக்கினான்.

"அண்ணை, வணக்கம். நான் ஜெகதீசன் கதைக்கிறன், முல்லைத்தீவில இருந்து. நானும் என்ர மச்சானும் கரைக்கு வந்திட்டம்."

அந்தக் குரலுக்குப் பின்னால் பெண்கள் பேசுவதும் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. ஒரு நாய் குரைத்தது.

"நீங்கள் சொன்ன மாதிரி குழாயை வெட்டிப் பூட்டினம். அந்த முனை வெடிச்சுத்தான் கிடந்தது. ரெண்டு மூண்டு இழுவையில எஞ்சின் எடுத்திட்டுது. தெற்கால வாற சோளகக் காத்து, அண்ணை. நல்லா வெளியால கொண்டு போட்டுது. எங்கட ஆக்கள் தேடி வெளிக்கிட்டவை, ஆனா அவை வரேக்க நாங்கள் எங்க நிண்டிருப்பமோ கடவுளுக்குத்தான் தெரியும். போன்ல எத்தினையோ பக்கம் திறந்து பாத்தம். ஒண்டும் திறக்கேல்ல, சுத்திக்கொண்டே நிண்டது. உங்கட பக்கம் மட்டும் டக்கெண்டு திறந்தது. வெறும் கறுப்பு எழுத்து. நான் வாசிக்க வாசிக்க மச்சான் செய்தான். நீங்கள் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. உங்கட ஊர் எங்க இருக்கெண்டும் தெரியாது. எங்கட வீட்டில எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லினம்."

பதிவு முடிந்தது. அஃப்தாப் மறுபடியும் அமுக்கினான். ஜன்னா வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் கேட்டார்கள். கறுப்பு எழுத்து என்று அந்த மனிதர் சொன்ன இடத்தில் ருக்ஸார் பதிவை நிறுத்திவிட்டு அதே இடத்தை மறுபடியும் ஓட்டினாள். அந்த எழுத்துகளை அவள் எழுதியது இந்தச் சமையலறை மேடையில்தான். எழுதும்போது அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்திருக்கும், பக்கத்து வீட்டில் சீரியல் ஓடியிருக்கும். அவை இங்கிருந்து புறப்பட்டு, எந்தெந்தத் தேசத்தையோ சுற்றி, ஒரு கோடு சிக்னலில் தொற்றிக்கொண்டு, ஆடுகிற படகில் ஒருவன் வாயிலிருந்து சத்தமாக வெளியே வந்திருக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னொருவன் கை வேலை செய்திருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று அவளிடம் யாராவது கேட்டால் படம் போட்டே விளக்குவாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குரல் பதிவைச் சாலமோனும் தன் போனில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். முதலில் அலைச் சத்தம்தான் வந்தது.

"ருக்ஸாரு."

"சொல்லுங்கண்ணா."

"அந்த அலை, பாட்டு எல்லாம் வேணும்னு நான் சண்ட போட்டன்ல."

"அத இன்னாத்துக்குண்ணா இப்ப..."

"இல்ல. நீ எம் பேச்சக் கேட்டுகினு அத வச்சிருந்தீன்னா?"

அவள் பதிலுக்குக் காத்திராமல், மோகன் தந்த டீ ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டுச் சாலமோன் போனை வைத்தார்.

மறுநாளிலிருந்து சாலமோன் தானாகவே ஒன்றொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் கலந்த பெட்ரோலுக்கு ஒரு பக்கம், இழுக்கிற கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம், எஞ்சினே போய்விட்டால் தார்ப்பாயை வைத்துக் காற்றில் எப்படித் திரும்புவது என்று ஒரு பக்கம். தார்ப்பாய் பக்கத்துக்கு ருக்ஸார் தன் அத்தாவைக் கேட்டு, ஓரத்தில் உள்ள எந்த ஓட்டைக் கண்ணில் எந்தக் கயிற்றைக் கோத்தால் கிழியாது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அக்கரையிலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. சாலமோன் அவற்றுக்குக் காலையில் கிரீஸ் தொடும் முன்பாகவே குரல் பதிவில் பதில் சொல்லிவிடுவார். அவர் பேசுவது அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. இன்னாப்பா என்று அவர் தொடங்குவதைக் கேட்டு அங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று ஜெகதீசன் எழுதியிருந்தார்.

ருக்ஸார் மற்ற கடைகளுக்குச் செய்கிற வேலையும் கொஞ்சம் மாறியது. திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் மெஸ் நடத்தும் உலகநாதன், மலையும் கோபுரமும் தெரிய, மேலே கழுகு பறக்கிற மாதிரி ஒரு முகப்பு வேண்டும் என்று கேட்டு வந்தார்.

"போட்டுத் தரேங்க. ஆனா மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அவ்ளோ படி ஏறி எறங்கி, பசியில கால் நடுங்கிகினு நிக்கிற ஒரு ஆளு உங்க பக்கத்தத் தொறக்கிறாரு. அவருக்கு இன்னா வேணும்?"

உலகநாதன் யோசித்தார். "சாப்பாடு இருக்கா, தீந்துபோச்சான்னு தெரியணும்."

"அத மேல போட்டுடலாம். கழுகு கீழ இருக்கட்டும்."

ஐப்பசியில் ஒரு நாள் சாலமோன் அவளைக் குடும்பத்தோடு வரச் சொன்னார். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஜெகதீசன் சொல்கிறாராம், வீடியோவை எப்படிப் போடுவது என்று தனக்குத் தெரியாது என்றார். அஃப்தாபும் ஜன்னாவும் கூட வந்தார்கள். மோகன் கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை ஜன்னாவுக்குப் போட்டான். புதிதாக டவர் வைத்திருந்ததால் கடற்கரையில் இப்போது மூன்று கோடு வந்தது.

திரையில் வந்த மனிதரைப் பார்த்ததும் ருக்ஸாருக்கு ஒரு நொடி நம்ப முடியவில்லை. புள்ளியாக மட்டுமே அவள் பார்த்திருந்த ஒருவருக்கு நரைத்த மீசை இருந்தது, முன்பல் ஒன்று உடைந்திருந்தது, கண் ஓரத்தில் சிரிப்புச் சுருக்கம் இருந்தது. பக்கத்தில் அவருடைய மச்சான் வெட்கத்தோடு தலையை நீட்டிவிட்டுப் பின்வாங்கினான்.

"அண்ணை, ஆர் அந்தப் பிள்ளை, எங்களுக்கு எழுதினது?"

சாலமோன் போனை ருக்ஸாரின் பக்கம் திருப்பினார். ஜெகதீசன் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சலாம் சொன்னாள், உடனே வணக்கமும் சொன்னாள். பிறகு போனைச் சாலமோனிடமே கொடுத்துவிட்டாள்.

இரண்டு பேரும் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சாலமோன் போனைத் திருப்பித் தன் கடலைக் காட்டினார். ஜெகதீசனும் திருப்பிக் காட்டினார். ஒரே நீர்தான் இரண்டு பக்கமும். இங்கே அலை வலப்பக்கம் சரிந்து உடைந்தது, அங்கேயும் அப்படியே சரிந்து உடைந்தது. ஜன்னா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, திரையையும் எதிரில் இருந்த கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கட பக்கம் காத்து எப்பிடி அண்ணை?" என்றது திரையிலிருந்து குரல்.

சாலமோன் முகத்தை வடக்கே திருப்பிக் காற்றை வாங்கினார். "வாடை கெளம்பிடுச்சிப்பா. ரெண்டு நாள்ல உன்னாண்ட வந்துடும்."

"வரட்டும் அண்ணை" என்றார் ஜெகதீசன். "வள்ளத்தைக் கரையில ஏத்தி வைச்சிட்டம்."